சிகிச்சைச் சாதனமும் உதவியாளர் கையும்

நோயாளியைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவருடைய முழங்காலின்மேல் இரண்டு கண்ணாடிக் குழாய்களை மாறி மாறி வைக்கிறாள் ஒரு மாணவி. ஒன்றிலே வெந்நீர், மற்றதிலே குளிர்நீர். "இது சூடா, குளிரா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். நோயாளி பிழையின்றி விடை கூறினால் மாத்திரமே அந்த இடத்திலே வெப்பச் சிகிச்சையைத் தொடங்கலாம். விடை தடுமாறுமாயின், எவ்வளவு விலையுயர்ந்த கருவி அருகில் இருந்தாலும் அதன் விசையைத் தொடலாகாது.

பிசியோதெரபி என்று வழங்கும் பௌதிகச் சிகிச்சையில் உதவியாளர்களைப் பயிற்றும் கல்லூரிகளிலே கற்பிக்கப்படும் அடிப்படைப் பாடங்களுள் இது ஒன்று. பாடம் எளியதே. ஆனால், இதை யாருக்குக் கற்பிப்பது, எவ்வளவு கற்பிப்பது, கற்றவருக்கு எவ்வளவு அதிகாரம் வழங்குவது என்னும் கேள்விகள் எளியவையல்ல. அவற்றின் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று கிடக்கிறது. யுத்தமும் கொள்ளைநோயும் பணமும் அந்த வரலாற்றை நடத்தின. பெரும்பாலும் பெண்களின் கைகள் அதைச் சுமந்தன. உதவியாளர் என்னும் தனித் தொழில் ஐக்கிய அமெரிக்காவிலேயே தெளிவான உருவம் பெற்றது. ஆகவே, நமது பார்வை பெரும்பாலும் அந்த நாட்டின்மீதே செல்கிறது.

முதலில் இச்சிகிச்சையின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். மருந்து கொடுக்கும் வைத்தியத்திலே அளவு மருந்துச் சீட்டில் எழுதப்படுகிறது. குளிகை யார் கையிலிருந்து வந்தாலும் அதே குளிகைதான். வெப்பமும் மின்சாரமும் ஒலியலையும் அத்தகையனவல்ல. சீட்டில் எழுதிய அளவு பாதி அளவே. மீதிப் பாதியைச் சாதனத்தைப் பிடித்திருக்கும் கை நிர்ணயிக்கிறது. சிறு விளக்கொன்றைத் தோலுக்குப் பாதித் தூரத்தில் நெருக்கி வைத்தால் அங்கே படும் கதிரின் செறிவு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மின்வாய் சற்றே பெயர்ந்து ஒரு மூலையால் மாத்திரம் தோலைத் தொடுமாயின், அதே மின்னோட்டம் சிறு இடத்திலே குவிந்து சுடுகிறது. கேளா ஒலிக் கருவியின் தலையை அசைக்காமல் ஓரிடத்தில் நிறுத்தினால், எலும்பின் மேலுறை வெப்பமேறி வலிக்கத் தொடங்குகிறது. சீட்டு மாறவில்லை, கருவியின் முள்ளும் மாறவில்லை. மாறியது கை மாத்திரமே.

இதிலே எல்லை எவ்வளவு குறுகியது என்பதை 1947ஆம் ஆண்டில் மொரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தோலின் வெப்பம் 44 பாகை செல்சியஸில் நின்றால், அது வெந்துபோக ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் செல்லும். 60 பாகையிலோ ஐந்து விநாடியளவே போதும். சிகிச்சை நிலையங்களிற் பயன்படும் ஒத்தடப் பொதிகள் 70 பாகைக்கு மேற்பட்ட நீரிலே வைத்து எடுக்கப்படுகின்றன. அந்தப் பொதிக்கும் நோயாளியின் தோலுக்கும் நடுவே இருப்பவை ஆறு முதல் எட்டு வரையிலான துவாய் மடிப்புக்களே. மடிப்பு ஒன்று குறைந்ததா, நோயாளி பொதியின்மேலேயே படுத்து அதை அழுத்திவிட்டாரா, அவருடைய காலில் உணர்ச்சி இருக்கிறதா என்பவற்றையெல்லாம் பார்ப்பவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். கீழ்நிலையில் வேலை செய்யும் ஊழியரே.

இத்துறையின் தொடக்க நாட்களிலேயே இந்த உண்மை பயங்கரமாக வெளிப்பட்டது. 1895இல் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1903இல், ஒளிக்கதிரால் தோற் காசத்தைக் குணப்படுத்திய டென்மார்க் வைத்தியர் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கதிர், ஒளி, மின்சாரம் ஆகிய யாவும் புதிய நூற்றாண்டின் அற்புதங்களாகத் தோன்றின. எடிசனின் ஆய்வுகூடத்திலே எக்ஸ் கதிர்க் குழாய்களைச் செய்தும் சோதித்தும் வந்தவர் கிளாரன்ஸ் டாலி என்னும் உதவியாளர். கதிரின் முன்னே நாள்தோறும் நீட்டப்பட்டது அவர் கையே. கைகள் புண்ணாகிப் புற்றாகி, ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. 1904இல் அவர் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். புதிய சக்தியொன்று வரும்போது அதன் புகழ் ஒருவருக்கும் அதன் காயம் அவருடைய உதவியாளருக்கும் போய்ச் சேர்வதை நாம் இங்கே முதற்றடவையாகக் காண்கிறோம்.

சாதனங்களின் கதை இவ்வாறிருக்க, அவற்றைக் கையாளும் மனிதரின் கதை இங்கிலாந்திலே தொடங்கியிருந்தது. அங்கே உருவுதல் என்னும் மசாஜ் சிகிச்சையின் பெயரால் நடந்த சீர்கேடுகளைப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தியபோது, 1894இல் நான்கு பெண்கள் கூடிப் பயிற்சி பெற்ற மசாஜ் செய்வோர் சங்கத்தை நிறுவினர். வைத்தியரின் பணிப்பின்றி எவருக்கும் சிகிச்சை செய்வதில்லை என்பது அவர்களுடைய விதிகளுள் ஒன்று. இந்த விதியை நாம் ஊன்றி நோக்கவேண்டும். இது நோயாளிக்குப் பாதுகாப்பு; தொழிலுக்குக் கௌரவம். அதேவேளையில், ஊழியம் செய்யும் பெண்ணை ஆணை பிறப்பிக்கும் ஆணின்கீழ் நிறுத்திய ஏணியும் இதுவே. பாதுகாப்பும் பணிவும் ஒரே விதிக்குள் பிணைந்துகொண்டன. அந்தப் பிணைப்பு இன்றுவரை முற்றாக அவிழவில்லை.

இங்கிலாந்திலே பயிற்சி பெற்ற அமெரிக்கப் பெண்ணான மேரி மக்மிலன் இக்கலையை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் கொண்டுசென்றோருள் முதன்மையானவர். அமெரிக்கா 1917இல் முதலாம் உலக யுத்தத்தில் இறங்கியது. கை கால் முடமாகித் திரும்பும் போர்வீரரை மீண்டும் நடமாட வைக்க ஆட்கள் வேண்டியிருந்தனர். பயிற்சி பெற்றவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். 'புனரமைப்பு உதவியாளர்' என்ற பெயரிலே பெண்கள் திரட்டப்பட்டனர். 1918இல் ஓரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரி முதலிய இடங்களிலே சில மாதப் பயிற்சிகள் அவசர அவசரமாக நடத்தப்பட்டன. உடற்கூற்றியல், தேகாப்பியாசம், உருவுதல், நீர்ச் சிகிச்சை, மின்சிகிச்சை ஆகியவற்றை அந்தக் குறுகிய காலத்திலே கற்று, அவர்கள் இராணுவ வைத்தியசாலைகளுக்குச் சென்றார்கள்.

அவர்கள் செய்த பணியின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. ஆயினும், அவர்களுக்கு இராணுவப் பதவி கொடுக்கப்படவில்லை. அவர்கள் சிவில் ஊழியராகவே கணிக்கப்பட்டனர். யுத்தச் சேவையாளர் என்ற அந்தஸ்து அவர்களுக்கு 1981இல்தான் வழங்கப்பட்டது. அறுபதாண்டுக்கு மேற்பட்ட தாமதம் அது. அந்நேரம் உயிரோடிருந்தவர்கள் எத்தனை பேராயிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

யுத்தம் முடிந்ததும் அவர்கள் கலைந்து போகவில்லை. 1921இல் மேரி மக்மிலனைத் தலைவராகக் கொண்டு தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அவசரப் பயிற்சியின் குறையை அனுபவித்தவர்களாதலால், பயிற்சிக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்பதை முதன்மைக் கோரிக்கையாக்கினார்கள். 1928இல் அச்சங்கம் வகுத்த பாடத்திட்டம் ஒன்பது மாதம் நீண்டது. 1936இல் அமெரிக்க வைத்தியச் சங்கம் பள்ளிகளை அங்கீகரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் அன்றைய வைத்தியர்கள் இவர்களைக் குறித்து வழங்கிய சொல் 'டெக்னீஷியன்' என்பது. வைத்தியர் சிந்திப்பார், இவர்கள் செய்வார்கள் என்பது அதன் பொருள். மூளைக்கும் கைக்கும் இடையே இட்ட இந்தக் கோட்டை அழிக்கவே பௌதிகச் சிகிச்சையாளர்கள் அடுத்த முப்பது ஆண்டுகளைச் செலவிட்டார்கள். பின்னர் தமக்குக் கீழே ஓர் உதவியாளர் தோன்றியபோது அதே கோட்டை அவர்களும் இட முயன்றார்களா என்னும் கேள்விக்கு நாம் பிறகு வருவோம்.

இளம்பிள்ளை வாதம் அடுத்த பெரும் நிர்ப்பந்தம். 1916இல் அமெரிக்காவைத் தாக்கிய அந்நோய் ஏறத்தாழ 27,000 பேரைப் பீடித்து 6,000 பேரைப் பலிகொண்டது. 1952இல் நோயுற்றோர் தொகை 57,000ஐத் தாண்டியது. நோயால் இறுகிய தசைகளைக் கட்டையிட்டுக் கட்டி அசையாமல் வைப்பதே பழைய முறை. 1940இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த எலிசபெத் கெனி என்னும் தாதி இதை எதிர்த்து, வெப்ப ஒத்தடமும் அசைவுப் பயிற்சியும் வேண்டும் என்று வாதாடினார். அவருக்கு முறையான பட்டமில்லை. பட்டம் பெற்ற பலர் அவரை ஏளனம் செய்தனர். இருந்தும் அவருடைய முறை நாடெங்கும் பரவியது.

அந்த ஒத்தடத்தின் நுட்பம் நமது விடயத்துக்கு மிகவும் பொருத்தமானது. கம்பளித் துணியைக் கொதிநீரிலே தோய்த்து, ஒரு சொட்டு நீரும் எஞ்சாதவாறு பிழிய வேண்டும். அதற்காகச் சலவை இயந்திரத்தின் பிழியும் உருளைகளையே வார்டுகளிற் பயன்படுத்தினார்கள். ஆவி பறக்கும் துணி குழந்தையின் தோலைச் சுடாமைக்குக் காரணம் அதிலே நீர் இல்லாமைதான். வெப்பத்தை ஏந்திச் சென்று தோலிற் கொட்டுவது நீர். சரியாகப் பிழியாத ஒரு மூலை, அந்தக் காலிலே கொப்புளத்தை எழுப்பிவிடும். தொகை தொகையாகக் குழந்தைகள் கிடந்த வார்டுகளிலே பட்டம் பெற்றவர்கள் போதவில்லை. தாதியரும் தொண்டர்களுமாகப் பலர் ஒத்தடமிடப் பழக்கப்பட்டார்கள். "இரண்டு தரம் பிழி" என்ற கட்டளையை மாத்திரம் கேட்டவர் வேலை மிகுந்த நாளிலே ஒரு தரத்தோடு நிறுத்தக்கூடும். ஏன் பிழிய வேண்டும் என்பதை அறிந்தவர் நிறுத்தமாட்டார். காரணம் அறிந்த கைக்கும் கட்டளை மாத்திரம் அறிந்த கைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

1955இல் சோல்க்கின் தடுப்பூசி வந்தது; இளம்பிள்ளை வாதம் பின்வாங்கியது. ஆனால் வேலை குறையவில்லை. 1946ஆம் ஆண்டின் ஹில்–பேர்ட்டன் சட்டம் கொடுத்த பணத்தால் எங்கும் புதிய வைத்தியசாலைகள் எழுந்தன. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் சாதனங்களும் பெருகின. சிற்றலை டயதேமி, ரேடாருக்கென வளர்க்கப்பட்ட மைக்ரோவேவின் வெப்பம், கேளா ஒலி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் சிகிச்சை அறைக்குள் நுழைந்தன. 1965 ஜூலையில் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வைத்தியச் செலவை ஏற்கும் மெடிகெயர் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதுவரை பணமின்றி வீட்டிலே முடங்கிக் கிடந்த முதியோர் சிகிச்சையை நாடி வந்தனர். இது மக்களுக்குக் கிடைத்த பெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுக்குச் சிகிச்சை செய்யக் கைகள் எங்கே?

கைகள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருந்தன. எந்தப் பள்ளியிலும் பயிலாத, பார்த்துப் பழகிய ஊழியர்கள் பொதிகளைக் கட்டினார்கள், விசைகளைத் தட்டினார்கள். அவர்களிற் பலர் திறமைசாலிகள். ஆயினும், ஒவ்வொருவரும் அறிந்தது அவரவர் மேலாளர் சொல்லிக் கொடுத்த அளவே. பௌதிகச் சிகிச்சையாளர் சங்கத்தின் முன்னே இரண்டு வழிகள் இருந்தன: கண்ணை மூடிக்கொண்டு இந்நிலையைத் தொடரவிடுவது, அல்லது அந்த ஊழியருக்குக் கல்வியும் பெயரும் எல்லையும் வகுப்பது. 1967இல் சங்கத்தின் பிரதிநிதிகள் சபை இரண்டாம் வழியைத் தெரிந்தெடுத்தது. பௌதிகச் சிகிச்சை உதவியாளர் என்னும் தொழில் இவ்வாறு பிறந்தது. புளோரிடாவின் மயாமி–டேட் கல்லூரியிலும் மினியாப்பொலிஸ் நகரத்துச் செயின்ட் மேரீஸ் கல்லூரியிலும் இரண்டாண்டுப் பாடநெறிகள் தொடங்கின. 1969இல் முதல் அணியாகப் பதினைந்து பேர் வெளியேறினர்.

அவர்களுக்கு இடப்பட்ட எல்லை தெளிவானது. நோயாளியைப் பரிசோதித்து மதிப்பிடுவதும் சிகிச்சைத் திட்டம் வகுப்பதும் சிகிச்சையாளரின் பொறுப்பு. அத்திட்டத்துக்குள் நின்று, அவருடைய மேற்பார்வையிலே சிகிச்சையைச் செய்வது உதவியாளரின் பொறுப்பு. உதவியாளர் பெருகினால் தமது தொழில் மலிந்துவிடுமோ என்னும் அச்சம் சிகிச்சையாளரிடையே இருந்தது. அதை வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மலிவான கையைத் தேடும் நிருவாகங்கள் எந்நாட்டிலும் உண்டு. ஆனால் அந்த அச்சத்துக்குத் தீர்வு உதவியாளரைக் குறைவாகக் கற்பிப்பதாக இருக்கமுடியாது. குறைவாகக் கற்ற கை மலிவாகவும் இருக்கும், ஆபத்தாகவும் இருக்கும்.

அப்படியானால் அந்த இரண்டாண்டில் அவர்கள் கற்பது என்ன? விசைகளின் வரிசையைக் கற்பதற்கு இரண்டு கிழமை போதும். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல், பௌதிகவியல் ஆகியவற்றுக்கே காலம் வேண்டும். சாதனங்களைப் பற்றிய பாடத்திலே ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் நிற்கின்றன: இது உடம்பிலே என்ன செய்கிறது? யாருக்கு இதைச் செய்யலாகாது? செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டாம் கேள்வியே உயிரைக் காப்பது. இரத்த ஓட்டம் குறைந்த காலுக்குக் கடும் வெப்பம் ஆகாது. வெப்பத்தை அள்ளிச் செல்ல அங்கே இரத்தம் இல்லை. புற்றுள்ள இடத்தின்மேலும் கருவுற்ற பெண்ணின் வயிற்றின்மேலும் கண்ணின்மேலும் கேளா ஒலி ஆகாது. நாளத்திலே இரத்தம் உறைந்திருக்குமாயின் அவ்விடத்தைச் சூடாக்கலாகாது. இதயத்துக்குத் துணைக்கருவி பொருத்தியவரின் மார்பிலே மின்வாய்களை வைக்கலாகாது. டயதேமியின் எல்லைக்குள் உலோகம் இருக்கலாகாது. உடம்பினுள் வைத்த தகடும் உடுப்பிலுள்ள கொளுக்கியும் இரும்புக் கட்டிலும் இதில் அடங்கும். தோலிலே தேங்கிய வியர்வைத் துளியுங்கூட அங்கே சூடேறிச் சுடும். அதனாலேயே தோலைத் துடைத்துத் துவாய் இடுகிறார்கள்.

மூன்றாம் கேள்வி பொறுமையைப் பற்றியது. ஒத்தடம் கட்டியதும் வேலை முடிந்தது என்று போய்விடலாகாது. நோயாளியின் கையிலே அழைப்பு மணியைக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து துவாயை நீக்கித் தோலைப் பார்க்க வேண்டும். ஒரு சீரான இளஞ்சிவப்பு நன்று. வெள்ளையும் சிவப்பும் திட்டுத் திட்டாகத் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். "சூடு கூடினால்தான் குணம் கூடும்" என்று நினைத்து வலியைப் பொறுத்துக்கொள்ளும் நோயாளிகள் பலர். உதவியாளருக்குத் தொல்லை கொடுக்கக்கூடாதென்று மௌனமாக இருப்போரும் உளர். அவர்களைப் பேசவைப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதியே.

கற்ற கையையும் கருவி ஏமாற்றக்கூடும். கேளா ஒலிக் கருவிகளின் முகப்பிலே காட்டப்படும் அளவும் உண்மையில் வெளிவரும் அளவும் ஒன்றாக இல்லாமையைப் பல சோதனைகள் காட்டின. அமெரிக்க அரசாங்கம் 1979இல் நடைமுறைப்படுத்திய தரவிதி, அந்த வேறுபாடு நூற்றுக்கு இருபதுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. உற்பத்தியாளரின் உறுதிமொழி மாத்திரம் போதாது, சட்டமும் காலந்தோறும் அளவீடும் வேண்டும் என்பதே இதன் பாடம். கருவி எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்கும் உரிமையும் உதவியாளருக்கு உண்டு.

புதிய நூற்றாண்டு பிறந்தபோது இந்தப் பாடங்கள் பழசாகிவிட்டன என்று எவரேனும் நினைத்திருந்தால், 2002 டிசம்பரில் வந்த எச்சரிக்கை அவர்களை விழிக்கச் செய்திருக்கும். நடுக்க நோய்க்காகவும் அத்தகைய பிறவற்றுக்காகவும் மூளையினுள் மின்கம்பி பொருத்தும் வைத்தியம் அதற்குள் பரவியிருந்தது. அவ்வாறு கம்பி பொருத்திய இருவர் டயதேமி சிகிச்சையின் பின்னர் இறந்த செய்தியை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் வெளியிட்டது. வெளியே பாய்ச்சிய சக்தியைக் கம்பி வாங்கி மூளைக்குள் வெப்பமாகக் கொட்டிவிடுகிறது. கருவியை நிறுத்தி வைத்தாலும் ஆபத்து நீங்காது. கருவியை எடுத்துவிட்டுக் கம்பியை மாத்திரம் விட்டிருந்தாலும் நீங்காது. டயதேமியின் எல்லையில் உலோகம் ஆகாது என்னும் பழைய பாடமே புதிய உருவிலே வந்து நின்றது. "உங்கள் உடம்பில் ஏதேனும் கருவி உண்டா?" என்ற கேள்வியோடு, "முன்னொருகால் இருந்து எடுக்கப்பட்டதுண்டா?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு தடவை பயின்றுவிட்டால் ஆயுளுக்குப் போதும் என்ற எண்ணம் இத்துறையிலே செல்லாது.

இனி நாம் ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம். மூளைக்கும் கைக்கும் இடையே வைத்தியர் இட்ட கோட்டைச் சிகிச்சையாளர் உதவியாளர்மீது இட்டார்களா? ஓரளவுக்கு ஆம் என்றே சொல்ல வேண்டும். திட்டம் மேலே, செயல் கீழே என்ற அமைப்பு ஏணியின் ஒரு படியை இறக்கி வைத்தது. எனினும் 1967இல் செய்த தேர்வு அந்தக் கோட்டிலே ஒரு வாயிலையும் திறந்தது. சிகிச்சை செய்பவர் காரணத்தைக் கற்க வேண்டும் என்று அது ஒப்புக்கொண்டது. காரணம் கற்றவர் தவறான பணிப்பைக் கண்டால் அதைச் செய்யாமல் நிறுத்தி, சிகிச்சையாளரிடம் திரும்பிச் செல்லக் கடமைப்பட்டவர். அந்தக் கடமையை உதவியாளர் பாடத்திலேயே கற்கிறார். வேலைத்தலத்திலே அதை நிறைவேற்ற இடமுண்டா என்பதே இன்றைய பிரச்சினை. ஒரு மணித்தியாலத்தில் இத்தனை நோயாளிகளைப் பார்த்தாக வேண்டும் என்ற கணக்கு எங்கே ஆட்சி செய்கிறதோ, அங்கே ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து தோலைப் பார்க்கும் பழக்கமே முதலிற் பலியாகும். அப்போது எழும் கொப்புளத்துக்கு உதவியாளரின் கவனக்குறைவு என்று பெயர் வைத்துவிடுவது மிகவும் சுலபம்.

வரலாறு நமக்குக் காட்டுவது இதுதான். 1918இலும், ஒத்தடத் துணிகள் ஆவி பறந்த வார்டுகளிலும், 1966இலும் ஆள் போதாத ஒவ்வொரு வேளையிலும் எழுந்த கேள்வி, "எவ்வளவு குறைவாகக் கற்பித்தால் போதும்?" என்பதே. ஒவ்வொரு தடவையும் அதற்கு எதிராகக் கல்வியை நீட்டக் கோரியவர்கள் அந்த வேலையைத் தம் கையாற் செய்தவர்களே. நோயாளியின் தோலுக்கு மிக அருகில் நின்றவர்கள் அவர்கள். டாலியின் கைகளுக்கு அந்தக் கல்வி கிடைக்கவில்லை. அவர் காலத்திலே அதைக் கற்பிக்க எவரும் இல்லை. இன்று கற்பிக்க ஆள் உண்டு, நூல் உண்டு, சட்டமும் உண்டு. அந்த மாணவி இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் வைத்து நோயாளியின் விடைக்காகக் காத்திருக்க ஒரு நிமிடம் வேண்டும். அந்த நிமிடத்தை அவளுக்குக் கொடுப்பது அவளை வேலைக்கு அமர்த்தியவர்களின் பொறுப்பு. கொடுக்காவிடின் கேட்டு வாங்குவது அவளுடைய உரிமை.